முகூர்த்தத்தில் பதிந்த முதல் பெயர்

ஐப்பசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றே காலுக்கு, தியாகராய நகரில் உஸ்மான் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த ஹாஜிரா பட்டன்ஸ் என்கிற கடை இல்லாமல் போனது. இடப்பக்கத்து நைட்டிக் கடையும் வலப்பக்கத்து ஜெராக்ஸ் கடையும் ஒரே சுவரில் ஒட்டிக்கொண்டன. கடைக்காரர் ஷரஃபுதீன் அப்போது உள்ளேதான் இருந்தார். மின்விசிறி ஓடியது, செல்போன் எடுத்தது, டீ மட்டும் வரவில்லை. டீக்காரரைப் பார்க்க வாசலுக்கு வந்தவர், மகளுக்குப் போன் போட்டார். “ஜுவேரியா, வெளிய ஒண்ணுமே இல்லம்மா. வெள்ளைப் பேப்பர் மாதிரி கீது. உங்க ஆபீஸ்ல எதுனா பண்ணாங்களா?”

கேள்வி சரியான இடத்துக்குத்தான் வந்திருந்தது. ஜுவேரியா வேலை பார்த்த கம்பெனி மேற்கு மாம்பலத்தில் ஒரு ஸ்வீட் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. இணையத்தில் ‘.தையல்’ என்று முடிகிற பெயர்களைத் தையற்காரர், பட்டன் கடைக்காரர், லைனிங் துணி விற்பவர் ஆகியோருக்கு மட்டும் பதிந்து கொடுப்பது அதன் தொழில். உலகத்திலேயே இந்த உரிமை தமக்கு மட்டும்தான் என்பதை நிர்வாக இயக்குநர் ராமானுஜம் விசிட்டிங் கார்டின் இரண்டு பக்கமும் அச்சடித்திருந்தார். கார்டில் உலக உருண்டை உண்டு. ஆபீசில் ஆறு பேருக்கு நாலு நாற்காலி. பெயர் முடங்கினால் கடையும் தெருவை விட்டு விலகிவிடும் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அடையாறில் ஒரு பிளவுஸ் கடை இரண்டு நாள் காணாமல் போய், ஈமெயிலுக்குப் பதில் போட்டதும் திரும்பி வந்திருக்கிறது. ஆனால் ஹாஜிரா.தையல் முடங்கவில்லை. அழிப்புப் பட்டியலில் ஏறியிருந்தது. பட்டியலில் ஏறிய பெயரை ஐந்து நாளைக்கு, பதிவகமான இந்தக் கம்பெனியே நினைத்தாலும் தொட முடியாது. ஆறாம் நாள் அது உதிரும். உலகத்தில் யார் முதலில் கேட்கிறார்களோ அவர்களுக்குப் போகும்.

காரணம் ஆறு வருஷத்துக்கு முந்தையது. பதிவகத்தின் திறப்பு விழா ஒரு வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம் தொடங்குவதற்குள் முதல் பெயரைப் பதிந்துவிட வேண்டும் என்று ஏற்பாடு. தலைமை விருந்தினர் கத்திப்பாரா நெரிசலில் மாட்டிக்கொண்டு பதினொன்றுக்கு வந்து சேர்ந்தார். ராமானுஜம் கொஞ்சமும் கலங்காமல், “கடிகாரம் நம்மளதுதானே, கொஞ்சம் பின்னாடி வைம்மா” என்றார். ஜுவேரியா சர்வரின் நேரத்தைப் பத்து பத்துக்குத் திருப்பினாள். கைதட்டலுக்கு நடுவே முதல் பெயராகத் தன் அத்தாவின் கடையைத் தானே பதிந்தாள், லட்டும் சாப்பிட்டாள். பதிவகம் பிறந்த நேரம் பதினொன்று என்று, இணையப் பெயர்களுக்கெல்லாம் மேலிடமான வெளிநாட்டுத் தலைமையகத்தில் தங்கள் கடிகாரப்படி எழுதிக்கொண்டார்கள். இந்த வருஷம் அவர்கள் அனுப்பிய சரிபார்ப்பு மென்பொருள், தாயைவிட ஐம்பது நிமிஷம் மூத்த பிள்ளை ஒன்று இருப்பதைக் கண்டது. அப்படி ஒன்று இருக்க முடியாது என்று முடிவு செய்தது.

கடிகாரத்தைத் திருப்பியதை ஒப்புக்கொண்டு தலைமையகத்துக்கு ஒரு கடிதம் போட்டால் போதும் என்று ஜுவேரியா நினைத்தாள். ராமானுஜம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நம்ம கடிகாரம் பொய்னு நாமளே எழுதிக் குடுத்தா, நாம பதிஞ்ச அத்தனை பேரும் பொய்னு ஆயிடும். நாலாயிரத்து முந்நூறு கடை. மயிலாப்பூர்ல எங்காத்து டெய்லர் உள்பட. கையெழுத்துப் போடச் சொல்றியா?” அவர் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் அவளை உட்கார வைத்தது. அத்தாவிடம் சொன்னாள். அவர், “வேணாம்மா. அவங்களுக்கும் டீ வராது” என்றார்.

புதன்கிழமை ஜுவேரியாவின் அம்மா ஹாஜிரா பீ சாப்பாட்டுக் கேரியரோடு போய்ச் சுவருக்கு முன்னால் நின்றார். நைட்டிக் கடை இசக்கிமுத்து ஸ்டூல் எடுத்துப் போட்டார். “பாய் உள்ளார இருமுதது எனக்குக் கேக்கு மைனி. செவர இடிச்சிப் பாத்துட்டேன், அந்தப் பக்கம் ஜெராக்ஸ்காரன்தான் வாரான். நான் என்னத்தச் செய்ய?” கேரியர் சூடு ஆறும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு ஹாஜிரா பீ திரும்பிப் போனார். உள்ளே ஷரஃபுதீன் ஒரு டப்பா பிஸ்கட்டையும் கேன் தண்ணீரையும் ஐந்து நாளைக்குப் பங்கு போட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஜுவேரியா தனியாக ஆபீசைத் திறந்தாள். பெயரை ஏற்கெனவே தட்டி வைத்திருந்தாள். பதினொன்றே காலுக்கு ஒரு விசையை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். சரியாக அழுத்தினாள். இந்தப் பெயர் வேறொருவருக்குப் பதியப்பட்டுள்ளது என்று திரை சொன்னது. உதிரும் பெயர்களைப் பிடிப்பதற்கென்றே எங்கோ ஒரு குளிர்நாட்டில் யாரோ வைத்திருந்த இயந்திரம், அவள் விரல் கீழே இறங்குவதற்குள் எழுநூறு பெயர்களைப் பிடித்து முடித்திருந்தது. பெயரைத் திருப்பித் தரும்படி எழுதிக் கேட்டாள். அந்தப் பக்கம் மனிதர்கள் இல்லை; இயந்திரம் நன்றி சொன்னது.

போன் அடித்தது. “தெரு வந்துருச்சும்மா” என்றார் ஷரஃபுதீன். அவள் அழுதுவிட்டாள். “ஆனா நம்ம தெரு இல்ல. டிராம் போய்க்கினு கீது. ஐஸ் கொட்டுது. ஒரு அம்மா வந்து நிக்கிறாங்க, இன்னா பாஷைன்னு தெரியல.” சற்றுப் பொறுத்து, “இரு, நாலு பட்டன் கேக்குறாங்க போல” என்றார்.

மூன்று குளிர்காலம் ஆகிவிட்டது. நாட்டுக்குள் வந்ததற்கு முத்திரை இல்லாத ஆளை வெளியே அனுப்ப அந்த ஊர்ச் சட்டத்தில் வழியில்லை. இங்கே உள்ளவர்களுக்கு விசா கேட்டால், அவர் எப்படிப் போனார் என்று கேட்கிறார்கள். முதல் வாடிக்கையாளர் ஐரோப்பாவில் கால் பதித்ததாக ராமானுஜம் ஆண்டறிக்கையில் எழுதினார். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லாததால் ஜுவேரியா பிழை திருத்திக் கொடுத்தாள். சென்ற மாதம் வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வீட்டுக்கு வந்த பெண், ஷரஃபுதீன் என்ற பெயரின் மேல் பேனாவை வைத்து, ஆள் எங்கே என்று கேட்டார்.

“கடைக்குப் போயிருக்காரு” என்றார் ஹாஜிரா பீ. அந்தப் பெண் டிக் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.