ஈரமாக வைத்திருந்த மண்

அந்த வருடம் தொண்ணூறு தோல்விகளைத் தாண்டியதும் ஹெரன்ஸ் பேஸ்பால் அணியில் எல்லோரும் எண்ணுவதை விட்டுவிட்டார்கள். தோற்றால் குளித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். ஜெயித்தாலும் அப்படித்தான். ஏரிப் பக்கமிருந்து வரும் காற்று காலி இருக்கைகளுக்கிடையே காகிதக் கோப்பைகளை உருட்டிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்தில்தான் ஆட்டம் நடக்கும்.

மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் மெர்ல் ஹாவ்லிக்குக்கும் மரத்துப் போயிருந்தது. ஆனால் அவருக்கு வேலை இருந்தது. தினமும் காலையில் புல் வெட்டுவார், மண்ணை வாருவார், தண்ணீர் விடுவார். இருபத்தோரு வருடமாகச் செய்கிற வேலை என்பதால், தலை ஒத்துழைக்காவிட்டாலும் கை தானாகச் செய்துவிடும்.

பேஸ்பாலில் ஒரு விசேஷம் உண்டு. ஒரு தளத்திலிருந்து அடுத்த தளம் எத்தனை அடி, வீச்சாளர் எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும், எல்லாம் விதிப்புத்தகத்தில் அங்குலக் கணக்கில் இருக்கும். புல் எவ்வளவு உயரம், மண் எவ்வளவு ஈரம் என்பது மட்டும் இருக்காது. அதை உள்ளூர் மைதானக்காரரின் இஷ்டத்துக்கு விட்டுவிட்டார்கள். அந்த இஷ்டத்தில்தான் அவருடைய கைவண்ணம் எல்லாம்.

ஹெரன்ஸின் முதன்மை வீச்சாளன் நார்பர்ட் டெஸ்மர் முப்பத்து நான்கு வயதுக்காரன். அவன் பந்து மட்டையை நெருங்கும்போது திடீரென்று ஒரு சாண் இறங்கும். மட்டையாளர் அதன் தலையில்தான் அடிக்க முடியும், பந்து தரையோடு உருளும். மட்டையாளரின் காலடிக்கு முன்னாலுள்ள மண்ணைச் சதசதவென்று வைத்து, புல்லையும் நீளமாக விட்டால், உருளும் பந்து வேகமெல்லாம் செத்துப்போய்த் தடுப்பாளர் கைக்கு வரும். அடித்தவன் ஓடிச் சேர்வதற்குள் எடுத்து முதல் தளத்துக்கு எறிந்தால் ஆள் அவுட். ஏப்ரலில் டெஸ்மர்தான் வந்து கேட்டான்: "கொஞ்சம் சேறாவே வச்சிரு மெர்ல், உனக்குப் புண்ணியம்." அன்றிலிருந்து அவன் வீசும் நாட்களில் மெர்ல் அந்த இடத்தில் முக்கால் மணி நேரம் குழாயைப் பிடித்தபடி நிற்பார்.

செப்டம்பர் கடைசி வாரத்தில் டெஸ்மர் பத்தொன்பது ஆட்டங்களில் தோற்றிருந்தான்.

அணி கடைசியாகப் பின்தங்கியது யார் கொடுத்த ஓட்டத்தாலோ, அந்த வீச்சாளனின் பெயரில்தான் தோல்வி எழுதப்படும். இருபது என்பது கெட்ட எண். உடைமாற்றும் அறையில் அதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பத்தொன்பதைத் தொட்டவனை மேனேஜர்கள் ஏதாவது சாக்குச் சொல்லி உட்கார வைத்துவிடுவார்கள். மேனேஜர் டேசியும் கேட்டுப் பார்த்தார்.

"தோள் வலின்னு சொல்லிடவா நார்ப்?"

"வலிக்கலையே."

"வலிக்கணும்னு இல்லடா. சொன்னாப் போதும்."

"ஞாயித்துக்கெழமை நானே போடுறேன்" என்றான் டெஸ்மர், பேருந்து எத்தனை மணிக்கு என்று சொல்கிற குரலில். அவனுடைய ஒப்பந்தம் இந்த வருடத்தோடு முடிகிறது. யாரை வைத்துக்கொள்வது, யாரை விடுவது என்று திங்கட்கிழமை நிர்வாகத்தார் மாடி அலுவலகத்தில் உட்கார்ந்து பட்டியல் போடுவார்கள். முப்பத்து நான்கு வயதில் வெளியே விட்டால் வேறு அணி கூப்பிடாது.

வெள்ளிக்கிழமை மதியம் மெர்ல் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, எதிரணிப் பயிற்சியாளன் கில்ரெய் சூரியகாந்தி விதையைத் துப்பியபடி வந்தான்.

"யோவ் தோட்டக்காரா! கிறிஸ்துமஸுக்கு உனக்கு ஒரு முழுப் பன்றித்தொடை அனுப்பப் போறோம்யா."

"எதுக்கு?"

"எங்க பசங்க சராசரியை ஏத்தி விடுறியே, அதுக்குத்தான். சும்மா பந்தைத் தொட்டுவிட்டாப் போதும், உன் சேத்துல சிக்கி நடுவுல நின்னுடுது. உங்க மூணாவது தளத்துக் கிழவன் குனிஞ்சு எடுக்கறதுக்குள்ள எங்க ஆளு முதல் தளத்துல நின்னு குசலம் விசாரிக்கிறான். தண்ணியை மட்டும் நிறுத்திடாதே!"

"போய்யா, வேலையைப் பாரு" என்றார் மெர்ல். கில்ரெய் சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

அன்றைய ஆட்டம் முடிந்ததும் மெர்ல் வானொலி அறைக்குப் போய் ஆட்டப் பதிவேட்டை எடுத்தார். ஒவ்வொரு பந்துக்கும் அதில் ஒரு குறி உண்டு. தடுப்பாளர்களைத் தாண்டாமல், தளங்களை ஒட்டிய உள்வட்டத்திலேயே நின்று, அப்படியும் ஆளைத் தளம் சேர்த்த அடிகளை மட்டும் தேடினார். டெஸ்மர் வெளியூரில் வீசிய ஆட்டங்களில் ஒன்பது. இதே மைதானத்தில் முப்பத்தொன்று.

காரணம் தெரியப் பதிவேடு தேவைப்படவில்லை. ஏப்ரலில் மூன்றாம் தளப் பக்கம் இரண்டு துடியான பையன்கள் நின்றார்கள். செத்த பந்துகளை ஓடிவந்து அள்ளினார்கள். மே மாதம் நிர்வாகம் இருவரையும் விற்றுவிட்டது. பதிலுக்கு வந்தவர்களில் ஒருவனுக்கு முழங்கால் சரியில்லை, இன்னொருவனுக்குக் குதிகால். அவர்களுக்கு முன்னால் பந்து சாவகாசமாக உருண்டால், ஓடுகிறவன் ஜெயித்துவிடுவான். அவர்களுக்கு வேண்டியது காய்ந்த, கெட்டியான தரை. பந்து வேகமாகக் கைக்கு வரவேண்டும். ஆட்கள் மாறியிருந்தார்கள், மெர்ல் தண்ணீரை மாற்றவில்லை. இத்தனை தோல்விக்குப் பிறகு ஏன் தோற்கிறோம் என்று யாரும் கேட்காத இடத்தில் அவரும் கேட்காமல் இருந்துவிட்டார்.

சனிக்கிழமை காலை, வீசும் மேட்டில் மெர்ல் களிமண்ணைத் தட்டிக்கொண்டிருந்தபோது டெஸ்மர் காபியுடன் வந்தான். அவர் நிமிராமலே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். டெஸ்மர் காபியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான்தானே கேட்டேன்" என்றான்.

"நீ ஏப்ரல்ல கேட்டே. நான் செப்டம்பர் வரைக்கும் ஊத்திட்டிருந்தேன்."

"நாளைக்குள்ள காயுமா?"

"தானாக் காயாது. காய வைக்கிறேன்."

ஆறு மாதம் ஊறிய மண் ஒரு நாள் வெயிலில் காயாது, மேல்தோல் மட்டும் வெடிக்கும். மெர்ல் மட்டையாளர் இடத்துக்கு முன்னால் நான்கு அங்குலம் சுரண்டி எடுத்துக் கைவண்டியில் கொட்டினார். அடுப்பில் சுட்ட களிமண் குருணையைக் கிடங்கிலிருந்து கொண்டுவந்து பரப்பினார். அது பஞ்சு மாதிரி ஈரத்தைக் குடிக்கும். அதன்மேல் காய்ந்த களிமண்ணை மெல்லிய அடுக்குகளாகப் போட்டு, ஒவ்வொன்றையும் உருளையால் இறுக்கினார். ஒரே தடவையாகக் கொட்டி உருட்டினால் மேலே கல் மாதிரியும் உள்ளே களி மாதிரியும் இருக்கும். ஞாயிறு காலை புல்வெட்டியின் கத்தியை இரண்டு படி இறக்கி உள்வட்டத்தை ஒட்ட வெட்டினார். கடைசியில் ஒரு பந்தைத் தூக்கிப் போட்டுப் பார்த்தார். டக்கென்று எழும்பி அவர் இடுப்பில் பட்டது.

ஆட்டம் தொடங்கியது. முதல் மட்டையாளன் அடித்த பந்து சீறிக்கொண்டு போய் முழங்கால்காரனின் கையுறைக்குள் விழுந்தது. அவன் அதையே ஒரு நொடி பார்த்தான், பிறகு சாவகாசமாக எறிந்தான். அவுட். அடுத்தவனும் அப்படியே. ஐந்தாவது இன்னிங்ஸில் டெஸ்மர் ஒரு ஓட்டம் கொடுத்தான். ஹெரன்ஸும் எங்கிருந்தோ ஒன்று எடுத்தார்கள். எட்டாவது தொடங்கும்போது ஒன்றுக்கு ஒன்று.

டேசி மைதானத்துக்குள் நடந்தார். ஆட்டம் சமமாக இருக்கும்போதே வீச்சாளனை மாற்றிவிட்டால், அப்புறம் என்ன ஆனாலும் தோல்வி அவன் பெயரில் ஏறாது. மேனேஜர் கை நீட்டினால் பந்தைக் கொடுத்துவிட வேண்டும். டெஸ்மர் பந்தை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு ஏதோ சொன்னான். டேசி வெறுங்கையோடு திரும்பினார்.

"என்னவாம்?" என்றார் வாசலில் நின்ற மெர்ல்.

"இன்னைக்குத்தான் பந்து போடுற மாதிரியே இருக்காம். எக்கேடோ கெட்டுப் போறான்."

இரண்டு பேர் அவுட். மூன்றாவது ஆளுக்கு வீசிய பந்து இறங்கவில்லை. நெஞ்சுயரத்தில் அப்படியே போய் நின்றது. அடிபட்ட சத்தத்திலேயே மெர்லுக்குத் தெரிந்துவிட்டது. பந்து மேலே போய், வேலியையும் தாண்டி, ஆளில்லாத மரப்பலகை இருக்கைகளில் விழுந்து இரண்டு தரம் குதித்தது. மைதானத்தின் மண்ணில் ஓரிடத்திலும் அது படவில்லை. மெர்லின் நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. இதில் எனக்குப் பங்கில்லை என்று தோன்றியது. தோன்றியதுமே வாய் கசந்தது.

வேலி தாண்டினால் தானாகவே ஓட்டம். அதற்கப்புறம் ஹெரன்ஸ் ஓட்டமே எடுக்கவில்லை. இரண்டுக்கு ஒன்று. இருபது.

எல்லோரும் போன பிறகு டெஸ்மர் பெஞ்சில் ஒரு காலணியோடு உட்கார்ந்திருந்தான். மெர்ல் வாரியைச் சாய்த்துவிட்டு ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்தார்.

"இது என்னோடது" என்றான் டெஸ்மர். "மத்ததுல எத்தனை?"

மெர்லுக்கு அந்த எண் வெள்ளிக்கிழமையிலிருந்தே தெரியும்.

"ஆறு. அந்த உருட்டு அடிகள் இல்லேன்னா ஆறுல நீ தோத்திருக்க மாட்டே."

"அப்ப என்னோடது பதினாலு." டெஸ்மர் யோசித்தான். "பதினாலு ஒண்ணும் மோசமில்ல. நெறையப் பேர் தோத்திருக்காங்க."

"நான் மாடிக்குப் போயி சொல்லட்டுமா? தண்ணியைப் பத்தி, எல்லாத்தையும்?"

சொல்லும்போதே, வேண்டாம் மெர்ல், உன் வேலை போயிடும் என்று அவன் சொல்வான் என எதிர்பார்த்தார். அந்த எதிர்பார்ப்பு அவருக்கே தெரிந்தது. டெஸ்மர் இன்னொரு காலணியின் முடிச்சை அவிழ்த்தான். முடிச்சு இறுகியிருந்தது, நேரம் எடுத்தது.

"சொல்லு" என்றான். "இன்னைக்கே சொல்லிடு. நாளைக்குப் பட்டியல் போட்டுடுவாங்க."

மெர்ல் எழுந்தார். பதிவேடு இன்னும் வானொலி அறையில்தான் இருந்தது. அதைப் போய் எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். மாடிப்படி இரும்பாலானது. ஒவ்வொரு படியிலும் அவர் பூட்ஸிலிருந்து காய்ந்த களிமண் உதிர்ந்தது. மேலே விளக்கு எரிந்தது, உள்ளே யாரோ தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் பேசி முடிக்கட்டும் என்று மெர்ல் கதவுக்கு வெளியே நின்றார்.