ஸ்கேன் செய்ததும் வந்த பெயர்

கையில் காசே வைத்துக்கொள்ளாத பிள்ளைகளில் அவளும் ஒருத்தி. டீ குடித்தாலும் போன், பேனா வாங்கினாலும் போன். பல்கலைக்கழகத்தில் எவளாவது பர்ஸைத் திறந்தால் ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

அன்று ப்ராஜெக்ட் கொடுக்கக் கடைசி நாள். வழக்கமான ஜெராக்ஸ் கடையில் கரண்ட் இல்லை. அதனால்தான் தோழியை இழுத்துக்கொண்டு, பின்கேட்டுக்கு எதிரே இதுவரை எட்டிக்கூடப் பார்க்காத கடைக்குப் போனாள். கடைக்கார அக்கா தங்கமான மனுஷி. பைண்டிங் போட்டு, ஓரம் வெட்டி, "சரியா இருக்கா பாரும்மா" என்று நீட்டினாள்.

பணம் அனுப்பச் சுவரில் ஒட்டியிருந்த க்யூஆர் அட்டையை அவள் ஸ்கேன் செய்தாள். திரையில் கடைப் பெயர் வரவில்லை. 'அப்பா' என்று வந்தது. பக்கத்தில், அவளே எடுத்து அவளே போனில் சேமித்து வைத்த அப்பாவின் படம்.

"லூசு, வீட்டுக்கு அனுப்பப் போற" என்று தோழி சிரித்தாள்.

மறுபடி ஸ்கேன் செய்தாள். மறுபடியும் அப்பாவின் நம்பர்தான்.

"அக்கா, இது யாரோட நம்பர்?"

"எங்க வீட்டுக்காரரோடதும்மா. மாசத்துல பாதி நாள் வியாபாரம்னு வெளியூர் போயிடுவாரு. ஆனா வரவு செலவெல்லாம் அவர் கையிலதான்."

மாதத்தில் பாதி நாள். வீட்டிலும் அப்பா அதையேதான் சொல்வார். அடப்பாவி மனுஷா, மீதிப் பாதி இந்த அக்கா வீட்டில் அல்லவா கழிகிறது. இந்தப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தபோது, "அந்த ஊர்ல படிக்க வேண்டாம்மா, உன்ன விட்டுட்டு என்னால இருக்க முடியாது" என்று கெஞ்சினாரே, அதைப் பாசம் என்று நம்பி அம்மாவும் மகளும் பூரித்துப் போனார்களே. நம்பர் எங்கேயோ மாறியிருக்கும் என்று மனசு மட்டும் இன்னும் அடம்பிடித்தது. அனுப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். கையில் வேறு காசும் இல்லை. அழுத்தினாள்.

உடனே போன் அடித்தது. அவளுடையது இல்லை, அக்காவுடையது.

"ஆமாங்க, இப்பத்தான் ஒரு பொண்ணு அனுப்புச்சு. இங்கதான் நிக்குது. ஏன், யாருங்க அது?"

அவள் அக்காவின் காதோடு ஒட்டியிருந்த போனையே பார்த்தாள். என் மகள் என்று சொல்லிவிடு அப்பா. எந்தக் குடும்பம் உடைந்தாலும் உடையட்டும், சொல்லிவிடு.

அக்கா போனை வைத்தாள். கல்லாவைத் திறந்து நோட்டுகளை எடுத்து அவள் கையில் திணித்தாள்.

"முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா? யாரோ தெரிஞ்சவங்க வீட்டுப் பொண்ணாமே நீ. காசு வாங்காதேன்னு சொல்லிட்டாரு."