சிரிப்பக்காவும் சரசரப்பும்

ஒலிப்பதிவு அறையில் எலி இருக்கிறது என்று முதலில் சொன்னவர் ஒலிப்பதிவாளர்தான். ஸ்டுடியோவின் முதலாளியும் அவரே. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால், பக்கத்துத் தெருவில் யாராவது கொட்டாவி விடுவதுகூடத் தன் காதில் விழும் என்று பெருமையடித்துக்கொள்கிற மனிதர்.

"அக்கா சிரிக்கும்போதெல்லாம் சரசரன்னு ஒரு சத்தம் வருது. அவங்க நிறுத்தினா அதுவும் நின்னுடுது. எலியேதான். அக்கா சிரிப்பைக் கேட்டு மிரண்டு ஓடுது" என்றார்.

அவர் அக்கா என்றது சிரிப்பக்காவை. டப்பிங் வேலையில் அவள் அம்மாவுக்குக் குரல் கொடுத்திருக்கிறாள், மாமியாருக்குக் கொடுத்திருக்கிறாள், ஒருமுறை பிரசவ வலியில் இருந்த ஒரு பசுவுக்கும் கொடுத்திருக்கிறாள். ஆனால் பேர் வாங்கித் தந்தது சிரிப்புதான். திரையில் எத்தனையோ அழகிகள் வாயைத் திறந்து சிரித்தார்கள். அந்த வாய்க்குள்ளிருந்து வந்ததெல்லாம் இவளுடைய சிரிப்பு. இப்போது குழந்தைகளுக்கான பொம்மைப் படத் தொடர் ஒன்றில் சூனியக்காரியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டால்தான் சாப்பிடுவேன் என்று அடம்பிடிக்கிற பிள்ளைகள் உண்டு. கேட்டதும் சாப்பாட்டை விட்டுவிட்டு ஓடுகிற பிள்ளைகளும் உண்டு.

எலிக்குப் பொறி வைத்தார்கள். பொறியில் வைத்த பிஸ்கட்டை எறும்பு தின்றது. தரைக் கம்பளத்தை உரித்தார்கள், ஏ.சி. குழாயைப் பிரித்துக் குவித்தார்கள். சிரிப்பக்காவும் கூடமாட நின்று, "பாவம், எந்த மூலையில ஒளிஞ்சிருக்கோ" என்று குனிந்து குனிந்து தேடினாள். உள்ளுக்குள் அவளுக்கு உயிரே போய்க்கொண்டிருந்தது. சரசரப்பு எங்கிருந்து வருகிறது என்று அந்தக் கட்டடத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அது அவள் வைத்திருந்த தடித்த நாப்கினின் சத்தம்.

மாதவிடாய் நின்றபோது, விட்டது தொல்லை என்று சந்தோஷப்பட்டவள் அவள். ஒரு தொல்லை போய் நாலு தொல்லை வந்து உட்கார்ந்துகொண்டது. பிறப்புறுப்பில் வறட்சி, எரிச்சல். சிறுநீர் முட்டினால் கதவைத் திறக்கிறவரை பொறுக்காத அவசரம். தும்மினால் கசிவு, இருமினால் கசிவு. சிரித்தால் கேட்கவே வேண்டாம். சிரித்துப் பிழைக்கிற ஒருத்திக்கு வந்த சோதனையைப் பாருங்கள். நாப்கின் வைத்தால் மைக்கில் விழுகிறது, வைக்காவிட்டால் தரையில் விழும்.

கைபேசியில் ஏதோ ஒரு புண்ணியவதி, "இறுக்குங்கள், சகோதரிகளே, இறுக்குங்கள்" என்று சொல்லிக்கொடுத்ததை நம்பி இறுக்கினாள். பஸ் நிறுத்தத்தில் இறுக்கினாள், வெங்காயம் உரிக்கும்போது இறுக்கினாள். தண்ணீர் குடிப்பதையும் பாதியாகக் குறைத்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று பார்க்கிற கழிப்பறைக்குள் எல்லாம் நுழைந்தாள். நிலைமை இன்னும் மோசமானதுதான் மிச்சம். பயத்தில் அவள் சிரிப்பு குறுகிக்கொண்டே போனது.

தொடரின் கடைசிப் பகுதி வந்தது. சூனியக்காரியின் கோட்டை கல் கல்லாகச் சரிகிறது. அது தரைமட்டமாகும்வரை அவள் சிரித்துக்கொண்டே இருக்க வேண்டும். வெட்டி ஒட்ட வழியில்லாத ஒரே காட்சி. ஒலிப்பதிவாளர் தலையைச் சொறிந்தார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. சூனியக்காரிக்குக் காய்ச்சலான்னு படக் கம்பெனில கேக்கறாங்க. கடைசிச் சிரிப்பு சரியா வரலேன்னா, வேற ஒரு பொண்ணை வச்சு முதல்ல இருந்து மொத்தத் தொடரையும் மாத்திடலாம்ங்கறாங்க. நான்தான் கொஞ்சம் டைம் கேட்டிருக்கேன்."

முதலிலிருந்து மாற்றினால் அவள் சிரித்த சிரிப்பு ஒன்றுகூட மிஞ்சாது. சிரிப்பக்கா அன்றைக்கு வீட்டுக்குப் போகவில்லை, நேரே மகளிர் மருத்துவரிடம் போனாள். மருத்துவர் வறட்சிக்கு உள்ளே தடவுகிற ஒரு களிம்பு எழுதிக்கொடுத்துவிட்டு, "மருந்து மட்டும் பத்தாது. தசைக்குப் பயிற்சி வேணும். நீங்களா எதுவும் செய்யாதீங்க" என்று ஒரு பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பினார்.

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பக்காவின் மகள் வயதுதான் இருக்கும். மேசைமேல் இடுப்பெலும்புப் பொம்மை ஒன்றை வைத்திருந்தாள். அதன் அடிப்பக்கம் சிவப்புத் துணியில் தசை தைத்திருந்தது.

"இதுதான் இடுப்புத்தளத் தசை. கட்டில்ல கட்டின கயிறு மாதிரி, மேல இருக்கிற சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை எல்லாத்தையும் தாங்குது. கையுறை போட்டு, ஒரு விரலை உள்ள வச்சுப் பார்த்தாத்தான் அது எப்படி இருக்குன்னு தெரியும். உங்களுக்குச் சம்மதம்னா பார்க்கலாம். நடுவுல நிறுத்துன்னு சொன்னா நிறுத்திடுவேன்."

சிரிப்பக்கா கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்தாள்.

"இப்ப தசையைத் தளர விடுங்க" என்றாள் பெண்.

"விட்டுட்டேனே."

"விடலையே."

"விட்டாச்சும்மா."

"இல்லம்மா, இன்னும் பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கீங்க. உங்க தசைக்குப் பலம் இல்லாம இல்ல. அதுக்கு ஓய்வுதான் இல்ல. நாள் முழுக்கக் கையை மடக்கியே வச்சிருந்தா, திடீர்னு விழற ஒரு பொருளை எப்படிப் பிடிப்பீங்க? முதல்ல கை விரியணும். உறவு வச்சுக்கும்போது வலிக்குதா?"

இந்தக் கேள்வியை இதுவரை அவளிடம் யாரும் கேட்டதில்லை. ஆமாம் என்று சொல்வதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "நான் நல்லா இறுக்கினா சரியாயிடும்னு நினைச்சேன்" என்று மூக்கை உறிஞ்சினாள்.

"நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கறாங்க. சிலருக்கு இறுக்கறதுதான் மருந்து. உங்களுக்கு முதல்ல விடறது."

பிறகு எழுந்து நிற்கச் சொல்லி, வேலையில் சிரிக்கிற மாதிரியே சிரிக்கச் சொன்னாள். ஒரு கையை அவள் வயிற்றிலும் இன்னொரு கையை முதுகிலும் வைத்துக்கொண்டாள். சிரிப்பக்கா வழக்கம்போல வயிற்றை எக்கி, மூச்சை அடக்கி, சூனியக்காரியை அவிழ்த்துவிட்டாள். வெளியே நாற்காலிகள் உருண்டன. முட்டிவலிக்காகக் கைத்தடி ஊன்றி வந்திருந்த ஒருவர், கைத்தடியை விட்டுவிட்டு வாசல்வரை போய்விட்டார் என்று பிற்பாடு தெரிந்தது.

"சிரிக்கறதுக்கு முன்னாடி ஏன் மூச்சை அடக்கறீங்க?"

"மூச்சு இழுக்கற சத்தம் மைக்ல விழக் கூடாது. எங்க தொழில்ல அதான் முதல் பாடம்."

"மூச்சை அடக்கி, வயித்தையும் எக்கினா அழுத்தம் பூரா கீழதான் போகும். பாவம், அந்தத் தசை என்ன பண்ணும்?"

அன்றிலிருந்து பயிற்சி தொடங்கியது. வயிறு உப்ப மூச்சை இழுத்து, கீழ்த்தசையைப் பூப்போல விரியவிட வேண்டும். முட்டினால் ஓடக் கூடாது. நின்று, மூச்சுவிட்டு, அவசரம் அடங்கியதும் நடந்து போக வேண்டும். தண்ணீரைத் தைரியமாகக் குடிக்க வேண்டும். ஓரிரு வாரம் கழித்து, சிரிப்பதற்கு ஒரு கணம் முன்னால் மட்டும் லேசாகப் பிடித்து உடனே விடுவதையும் பெண் சேர்த்தாள். கூடவே, "தினம் நிஜமாச் சிரிக்கணும். தொழில் சிரிப்பு கணக்குல வராது. வீட்ல உங்களைச் சிரிக்க வைக்க ஆள் இருக்கா?" என்று கேட்டாள்.

சிரிப்பக்கா கொஞ்சம் யோசித்தாள். "முயற்சி பண்ற ஆள் ஒருத்தர் இருக்கார்" என்றாள்.

அவள் வீட்டுக்காரர் கணக்கு வாத்தியார். ஜோக் சொல்வதில் அவருக்கு ஆசை அதிகம், திறமை மட்டு. முன்பெல்லாம் அவர் சொல்கிற விதத்துக்காகவே அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். சில மாதங்களாக அவர் வாயைத் திறந்தாலே எழுந்து போய்விடுகிறாள். போதாததற்கு, உங்கள் குறட்டை தாங்கவில்லை என்று சொல்லி அடுத்த அறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டிருந்தாள். அவர் குறட்டை விடுகிற ஜாதியே இல்லை.

அவர் சாப்பாட்டு மேசையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். அவள் எதிரே உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் போட்டு உடைத்தாள். கசிவைச் சொன்னாள், எரிச்சலைச் சொன்னாள், வலியைச் சொன்னாள். "உங்க மேல கோபம் எல்லாம் ஒன்னும் இல்ல. பக்கத்துல வந்தா வலிக்குமேன்னு பயம். குறட்டைன்னு சொன்னது பச்சைப் பொய்" என்றாள்.

வாத்தியார் சிவப்புப் பேனாவை மூடி வைத்தார். கழுத்தை மெல்லத் தடவிக்கொண்டார். "குறட்டை நிக்கட்டும்னு இத்தனை நாளும் குப்புறப் படுத்துக்கிட்டிருக்கேன். கழுத்து திரும்ப மாட்டேங்குது."

சிரிப்பக்காவால் தாங்க முடியவில்லை. பிடிக்கவும் மறந்தாள், விடவும் மறந்தாள். மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தாள். பாவாடை நனைந்தது. வாத்தியார் எழுந்து போய் ஒரு துண்டை எடுத்துவந்து, அவள் மடியில் போட்டார்.

"அப்ப என் ஜோக் எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு?" என்று கேட்டார்.

"அது வேற விஷயம்."

"சரி. மத்தது எதுக்கும் அவசரம் இல்ல. உனக்கு எப்ப சரியாகுதோ அப்பப் பார்த்துக்கலாம். முன்னாடியே சொல்லியிருந்தா என்ன? நான் என்ன மூணாம் மனுஷனா?" அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் முதல் வாத்தியார் வேலையில் இறங்கினார். "ஒரு பையன் பரீட்சையில பூஜ்யம் வாங்கினான். ஏன்டான்னு அப்பா கேட்டார். சார்கிட்ட மார்க் தீர்ந்துபோச்சுப்பான்னான்" என்பார். அவள் முகத்தைப் பார்ப்பார். "மார்க் எப்படித் தீரும்? தீராது. அதான் இதுல ஜோக்" என்று விளக்குவார். அந்த விளக்கத்துக்குத்தான் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். களிம்பு எரிச்சலைத் தணித்தது. தசை மெல்ல மெல்ல விடக் கற்றுக்கொண்டது. பெண் சொன்ன வழுவழுப்பு ஜெல்லும், வாத்தியாரின் பொறுமையும் தங்கள் பங்குக்கு உதவின. அடுத்த அறைப் படுக்கையைச் சுருட்டிப் பரணில் போட்டாயிற்று.

கடைசிப் பதிவு நாள். சிரிப்பக்கா நாப்கின் இல்லாமல் வந்தாள். துணிச்சலாக வந்தாளே தவிர, மைக் முன்னால் நின்றதும் கழிப்பறை எந்தப் பக்கம் என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"தம்பி, ஒரு விஷயம். இன்னைக்கு நான் மூச்சை நல்லா இழுத்துத்தான் சிரிப்பேன். சத்தம் விழும். அதை எடுத்துடாதீங்க."

"என்னக்கா, மூச்சு விழலாமா? புதுசா டப்பிங்குக்கு வர்ற பிள்ளைங்களுக்கு நீங்க சொல்லிக்கொடுக்கறதே மூச்சு விழக் கூடாதுன்னுதானே?"

"மூச்சை அடக்கினா எனக்கு ஒன்னுக்குக் கசியுது."

இவ்வளவு சொல்லியாகிவிட்டது, இனி மிச்சம் வைப்பானேன் என்று அவளுக்குத் தோன்றியது. "நீங்க தேடின எலியும் நான்தான். அது நாப்கின் சத்தம்."

ஒலிப்பதிவாளர் ஹெட்ஃபோனைக் கழற்றினார். முகம் சிவந்திருந்தது. "ஏ.சி.யைப் பிரிச்சுப் போட்டேனேக்கா!"

"தெரியும்ப்பா. நானும்தானே கூட நின்னு தேடினேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மைக்கைத் தள்ளி வச்சிருப்பேன். துணியில செஞ்சது போட்டா சத்தமே வராது. இதுக்காகவா இத்தனை நாள் இப்படித் தவிச்சீங்க?" என்றார். கோபமா வருத்தமா என்று அவருக்கே தெரியவில்லை. ஹெட்ஃபோனைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "இழுங்கக்கா மூச்சை. எவன் கேக்கறான்னு பார்த்துடலாம்."

திரையில் முதல் கல் சரிந்தது. அவள் வயிறு நிறைய மூச்சை இழுத்தாள். அந்தச் சத்தமே குகைக்குள் காற்று புகுந்ததுபோல் அறையை நிறைத்தது. ஒரு கணம் பிடித்து, விட்டாள். சிரிப்பு அடிவயிற்றிலிருந்து புரண்டு வந்தது. கோபுரம் சாய்ந்தது, பாலம் ஒடிந்தது, அவள் மறுபடி இழுத்தாள், மறுபடி சிரித்தாள். நடுவில் ஒரே ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது. பார்த்துவிட்டுப் போகட்டும் என்று அதை விட்டுவிட்டுச் சிரித்தாள். பயம் இல்லாமல் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்ததும் அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இப்போது சிரிப்பது சூனியக்காரி இல்லை, அவளேதான். கோட்டை தரைமட்டமானது. தூசி அடங்கியது. திரை இருண்டது.

ஒலிப்பதிவாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேச்சுப் பொத்தானை அழுத்தினார். "அக்கா, படம் முடிஞ்சுபோச்சு."

"முடியட்டும்ப்பா. நான் இன்னும் சிரிச்சு முடிக்கல."