விலாப் பிடிப்பு

பள்ளிக்கூடத்தில் அவருக்கு இரண்டு வேலை. பகலில் கணக்கு வாத்தியார், நாலு மணிக்கு மேல் ஓட்டப் பயிற்சியாளர். பட்டப்பெயர் மட்டும் ஒன்றுதான்: ஸ்கேன் சார். முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிடும் தைரியம் எந்தப் பிள்ளைக்கும் கிடையாது. ஆனால் மைதானத்துக் கழிவறைச் சுவரில் எழுதியிருந்ததை அவரே பார்த்திருக்கிறார். எழுத்துப் பிழை இல்லை என்பதைக் கவனித்துவிட்டுப் பேசாமல் வந்துவிட்டார்.

பெயர் சும்மா வரவில்லை. எந்தப் பிள்ளையாவது கால் வலி என்று வாயைத் திறந்தால் போதும், மனுஷனுக்கு முகம் வெளிறிவிடும். "உட்காரு. ஓடாத. டாக்டர்கிட்ட காட்டி, ஸ்கேன் எடுத்து, சீட்டோட வா." சுளுக்குக்கு ஸ்கேன், கொப்புளத்துக்கு ஸ்கேன், புது ஷூ கடித்ததற்கும் ஸ்கேன். தலைமையாசிரியை பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் கூப்பிட்டே கேட்டுவிட்டார். "சார், தொடர் ஓட்டத்துக்கு ஒரு அணி தேத்த முடியல. பாதிப் பேர் எக்ஸ்ரே எடுக்க வரிசையில நிக்கறாங்க. பெத்தவங்க வந்து என் உயிரை வாங்கறாங்க. நீங்க கொஞ்சம் லீவு போட்டுட்டு வீட்டுல இருந்தா என்ன?" வீட்டில் இருப்பதைவிட மைதானத்தில் இருப்பது சுலபம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? தலையை ஆட்டிவிட்டு வந்தார்.

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். இதே மனுஷன் முன்னால் எப்படி இருந்தார் என்று தெரிந்தால் சிரிப்பு வராது. அப்போது யார் வந்து எங்கே வலிக்கிறது என்றாலும் அவரிடம் ஒரே மருந்துதான்: "ஒண்ணும் இல்ல. ரெண்டு ரவுண்டு நட, சரியாயிடும்." முக்கால்வாசிப் பேருக்குச் சரியாகவும் போனது, அதுதான் வினையாகப் போயிற்று. அந்த ஒரே வாக்கியத்தை வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் கோப்பை வாங்கி அலமாரியை நிரப்பினார்.

அவருடைய ஒரே மகளும் அந்த அணியில்தான் ஓடினாள். வீட்டில் அவள் பெயர் சுண்டு. சுண்டெலி மாதிரி சின்ன உருவத்தை வைத்துக்கொண்டு யார் கைக்கும் பிடிபடாமல் ஓடுவாள் என்று அவரே வைத்த பெயர். முழங்காலுக்கு மேலே வலிக்குதுப்பா என்று அவள் சொன்னபோது, சொந்தப் பெண்ணுக்குச் சலுகை காட்டுகிறான் என்று நாலு பேர் பேசிவிடக் கூடாதே என்பதுதான் அவர் கவலை. மற்றவர்களுக்கு இரண்டு ரவுண்டு என்றால் இவளுக்கு மூன்று. பாவி மனுஷன்! அவளும் நடந்தாள். இரண்டாம் தடவையும் சொல்லிப் பார்த்தாள். அதற்கப்புறம் சொல்வதை நிறுத்திவிட்டாள். வலிதான் நின்றுவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார். கடைசியில் வகுப்பறைப் படியில் ஒன்றுமில்லாததற்குத் தடுக்கி விழுந்து எலும்பு முறிந்தது. அந்த எலும்புக்குள் ஒரு கட்டி மாசக்கணக்காக வளர்ந்துகொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது.

அதற்கப்புறம் பட்டதெல்லாம் பிள்ளைதான். நரம்பில் ஏற்றிய மருந்து, கொத்துக் கொத்தாகத் தலையணையில் கிடந்த முடி, தண்ணீர்கூட விழுங்க முடியாத வாய்ப்புண், ஆபரேஷன், எலும்பை எடுத்துவிட்டு வைத்த உலோக மூட்டு, மறுபடியும் மருந்து. எல்லாவற்றையும் தாண்டிப் பிழைத்து வந்தாள். முடி முன்னைவிடச் சுருட்டையாக முளைத்துவிட்டது. ஒரு வகுப்பு பின்தங்கி, லேசாகச் சாய்ந்து சாய்ந்து நடந்து பள்ளிக்கூடம் போகிறாள். ஓட்டம் மட்டும் இனி கிடையாது.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது பெரிய டாக்டர் அம்மாவையும் அப்பாவையும் உட்காரவைத்துச் சொன்னார். "இது திரும்பி வந்தா பெரும்பாலும் நுரையீரலுக்குத்தான் வரும். நெஞ்சு வலி, விலா வலி, மூச்சு வாங்கறது, எது வந்தாலும் அன்னைக்கே கூட்டிட்டு வந்துடுங்க. சீக்கிரம் வந்தா எங்களால ஏதாவது செய்ய முடியும். அடுத்த செக்கப் வரட்டும்னு உக்காந்துடாதீங்க."

ஆக, வாத்தியாருக்கு இந்த உலகத்தில் வேண்டியது இப்போது ஒன்றே ஒன்று. வலித்தால் அவள் சொல்ல வேண்டும். அன்றைக்கே சொல்ல வேண்டும்.

அதற்காகக் காலையில் பல் தேய்க்கும்போதே ஆரம்பித்துவிடுவார். குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, "சுண்டு, வலி ஏதாவது இருக்கா?" என்பார்.

"இல்லப்பா."

"மூச்சு?"

"வந்துக்கிட்டும் போயிக்கிட்டும் இருக்குப்பா."

"விளையாடாத. நெஞ்சுல ஏதாவது?"

"நல்லாருக்கேன்பா."

சாப்பிடும்போது ஒரு தடவை, செருப்பு மாட்டும்போது ஒரு தடவை, பள்ளிக்கூடத்தில் மதிய இடைவேளையில் ஒரு தடவை. எப்போது கேட்டாலும் அதே 'நல்லாருக்கேன்பா'. தெருமுனை திரும்பும்வரை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவள் நடையைப் பார்ப்பார். நடையும் நன்றாகத்தான் இருந்தது.

"நீங்க பாக்கற வரைக்கும்தான் அந்த நடை," என்றாள் மனைவி. அவள் திரைச்சீலை தைக்கும் கடையில் வேலை பார்க்கிறவள். எந்நேரமும் உடையில் நூல் துணுக்கு ஒட்டியிருக்கும். "முனை திரும்பினதும் சுவத்தைப் பிடிச்சுக்கறா. நேத்து கடையிலேருந்து வரும்போது நானே பாத்தேன்."

"அப்ப ஏன் எங்கிட்ட நல்லாருக்கேங்கறா?"

"நீங்க கேக்கறது அப்பா கேக்கற மாதிரியா இருக்கு? போலீஸ் விசாரணை மாதிரி இருக்கு. எங்கிட்டயும்தான் சொல்றதில்ல. நான் அழுதுடுவேனாம்."

"கண்டுக்காம விட்டுத்தான இந்தக் கதி வந்துது? அவ வாயைத் திறந்து சொல்ல வேண்டாமா?"

மனைவி பாத்திரம் கழுவுவதை நிறுத்தினாள். "சொல்லாம இல்லைங்க. ரெண்டு தடவை சொன்னா."

அதற்கு மேல் அந்தப் பேச்சு போகாது. வாரத்துக்கு ஒரு தடவையாவது அந்த இடத்துக்கு வந்து நிற்கும். வந்து நின்றதும் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார், அவள் குழாயை வேகமாகத் திறந்துவிடுவாள்.

போட்டி நெருங்கிக்கொண்டிருந்த ஒரு மாலையில், அணியில் கடைசிச் சுற்று ஓடும் நெட்டைப் பெண்ணின் காலுறையில் சிவப்பாக ஏதோ தெரிந்தது.

"என்னது அது?"

"சிவப்பு மை சார்."

"காலுக்கு எதுக்கும்மா மை? கழட்டு."

கழற்றினாள். கட்டைவிரல் நகம் பாதி பெயர்ந்து தொங்கியது. "ஏன் சொல்லல?"

"சொன்னா ஸ்கேன் எடுக்கச் சொல்லுவீங்க. போட்டிக்கு விடமாட்டீங்க," என்று படபடவென்று சொல்லிவிட்டு அந்தப் பெண் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவர் திட்டவில்லை. அவரே உட்கார்ந்து மருந்து போட்டுக் கட்டிவிட்டார். கட்டிக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. முன்னால் வலிக்கிறது என்றால் நடக்கவைத்தார், இப்போது வலிக்கிறது என்றால் உட்காரவைக்கிறார். எப்படிக் கூட்டிக் கழித்தாலும் பிள்ளைகளுக்கு வாயை மூடிக்கொள்வதுதான் லாபம். இத்தனை வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவருக்கு இந்தச் சின்னக் கணக்கு பிடிபட ஒரு பெயர்ந்த நகம் தேவைப்பட்டது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் மகளை அழைத்து எதிரே உட்காரவைத்தார். "சுண்டு, இனிமே நான் கேக்க மாட்டேன். ஏதாவது இருந்தா நீயா சொல்லு. நான் பதற மாட்டேன், கத்த மாட்டேன், சும்மா சும்மா கால்ல சுடுதண்ணி கொட்டின மாதிரி குதிக்க மாட்டேன்."

"நிஜமாவா?"

"சத்தியமா."

அவள் தலையைச் சாய்த்து அவரை ஒரு மாதிரி பார்த்தாள். "பாக்கலாம்," என்றாள்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். கேள்வி தொண்டைவரை வரும். தண்ணீரைக் குடித்து விழுங்கிவிடுவார். குளியலறைக் கதவைத் தாண்டும்போது வேகமாகத் தாண்டுவார். அவள் தெருவில் இறங்கினால் செய்தித்தாளைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார். மனைவிகூட, "பரவால்லையே, மனுஷன் தேறிட்டாரே," என்று சொல்லிச் சிரித்தாள். அந்த வீட்டில் சிரிப்புக் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

ஒரு சனிக்கிழமை மதியம். மனைவி கடையில் இருந்தாள். அவர் சாப்பாட்டு மேஜையில் பரீட்சைத் தாள்களைப் பரப்பித் திருத்திக்கொண்டிருந்தார். மகள் வந்து நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, ஒண்ணு சொல்லணும். பதற மாட்டேன்னு சொல்லியிருக்கீங்க."

"சொல்லும்மா."

"இங்க குத்துதுப்பா. மூச்சை இழுத்தா." இடது விலாவைத் தொட்டுக் காட்டினாள்.

பதறக் கூடாது. அவருக்கு முதலில் தோன்றியது அது ஒன்றுதான். பேனாவைக் கீழே வைத்தார். நிதானமாக, சாதாரணமாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தார். பதறாத குரல் என்று அவரிடம் இருந்ததே ஒன்றுதான், மைதானத்துப் பழைய குரல். அது தானாக வந்தது.

"விலாப் பிடிச்சிருக்கும்மா. ஓடறவங்க எல்லாருக்கும் வர்றதுதான். ஒண்ணும் இல்ல. மூச்சை நிதானமா விட்டுக்கிட்டு ரெண்டு ரவுண்டு நட, சரியாயிடும்."

"சரிப்பா," என்றாள் மகள்.

அப்பாடா, கத்தாமல் பேசிவிட்டோம் என்று இருந்தது அவருக்கு. நெற்றியைத் துடைத்துக்கொண்டு அடுத்த தாளை இழுத்தார். கூடத்தில் காலடி கேட்டது. வாசல் கதவிலிருந்து பால்கனிவரை, பால்கனியிலிருந்து வாசல் கதவுவரை. ஒரு அடி அழுத்தமாக, ஒரு அடி இழுத்து. நடுவில் நின்று மூச்சு வாங்கிவிட்டு மறுபடி நடந்தாள். அவர் தப்பான விடை ஒன்றுக்குச் சரி போட்டார், அடித்தார், மறுபடியும் சரி போட்டார்.

ஓடறவங்களுக்கு வர்றது.

அவள் ஓடி எத்தனை காலமாயிற்று! அடக் கடவுளே, அவள் எங்கே ஓடினாள்?

நாற்காலி பின்னால் விழுந்தது. தாள்கள் தரையில் பறந்தன. "நில்லு! நடக்காத, நில்லு!" என்று கத்திக்கொண்டே கூடத்துக்கு ஓடினார்.

அவள் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு வெளுத்திருந்தது. அவரைப் பார்த்ததும் முதுகை நிமிர்த்திக்கொண்டு சிரித்தாள். "சரியாயிடுச்சுப்பா."

"உண்மையைச் சொல்லும்மா. எங்க வலிக்குது? எப்பலேருந்து வலிக்குது?"

"அட நிஜமாப்பா. நீங்க சொன்ன மாதிரியே நடந்ததும் போயிடுச்சு."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். கெஞ்சினார், சத்தியம் செய்தார், காலைப் பிடிக்காத குறை. அவள் கல்லு மாதிரி நின்றாள். "ஒண்ணும் இல்லப்பா," என்பதைத் தவிர வேறு வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை.

மனைவியைப் போனில் கூப்பிட்டு மறைக்காமல் சொன்னார். "அவ வந்து சொன்னா. விலா குத்துதுன்னு சொன்னா. நான் நடக்கச் சொன்னேன்." அந்தப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது. "நேரா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க, நானும் வந்துடறேன்," என்று சொல்லி மனைவி போனை வைத்தாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

வாடகைக் காரில் மகள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள். பள்ளம் வந்தபோதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அவர் பார்த்தார். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளாமல் முன் இருக்கையைப் பார்த்துக்கொண்டார்.

அவசரப் பிரிவில் பெரிய டாக்டர் இல்லை. இளவயசுப் பெண் டாக்டர் ஒருத்தி இருந்தாள். பழைய கோப்பைக் கம்ப்யூட்டரில் திறந்து படித்தாள், முகத்தில் எதையும் காட்டவில்லை. நாற்காலியை இழுத்து மகளுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். மனைவி மூச்சிரைக்க உள்ளே வந்து சுவரோரம் நின்றாள்.

"சொல்லும்மா. எங்க வலிக்குது?"

மகள் டாக்டரைப் பார்க்கவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். எந்தப் பதில் சொன்னால் இந்த முகம் தாங்கும் என்று பார்த்தாள். மைதானத்தில் ஒரு பிள்ளை பயிற்சியாளரைப் பார்க்கிற பார்வை இல்லை அது. பெரியவர்கள் சின்னப் பிள்ளையைப் பார்ப்பார்களே, கீழே விழுந்து அழப்போகிறானா என்று, அந்தப் பார்வை. பார்த்து முடித்துவிட்டு டாக்டர் பக்கம் திரும்பி, "ஒண்ணும் இல்ல டாக்டர், இப்ப நல்லாத்தான் இருக்கு," என்றாள்.

டாக்டர் அவரைப் பார்த்தாள். மனைவியும் பார்த்தாள்.

பிள்ளைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று வாத்தியாருக்கு உடம்பெல்லாம் துடித்தது. அவள் தலையை ஒரு தடவை தொட்டார். வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

வராந்தாவில் வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. அவர் உட்காரவில்லை. கதவுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றார். கொஞ்ச நேரத்தில் மகளின் குரல் கேட்டது. என்ன சொல்கிறாள் என்று புரியவில்லை. டாக்டர் நடுவில் ஏதோ கேட்டாள். மகள் மறுபடி பேசினாள், நிறுத்தினாள், அழுதாள் போலிருந்தது, மறுபடி பேசினாள்.

ரொம்ப நேரம் கழித்துக் கதவு திறந்தது. மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"உள்ள வாங்க."

"சொல்லி முடிச்சிட்டாளா?"

"இல்ல. இன்னும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கா."

"அப்ப நான் வரல," என்றார் அவர். "கதவைச் சாத்திக்க."