பலூனுக்கு லாயக்கில்லாதவர்

1

இந்தக் கதை ஓர் ஆஸ்பத்திரியின் காத்திருப்பு அறையில் பிறந்தது. சுவரில், உடம்பு இளைக்க வயிற்றுக்குள் வைக்கிற பலூனைப் பற்றி ஒரு போஸ்டர்: 'இரைப்பை பலூன் யாருக்கு ஏற்றது?' என் வீட்டுக்காரர் அதைப் பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து நான் குறிப்பெடுத்தேன். கதை எழுதுகிறவளைக் கட்டிக்கொண்டால் இப்படித்தான்.

முதல் தொடக்கம்: "அவன் வயிற்றுக்குள் ஒரு வானம்..." (சே.)

இரண்டாவது: "லிஃப்ட் மெக்கானிக்கான அவர் ஒருநாளும் லிஃப்டில்..." (பொய். எங்கே போனாலும் லிஃப்டில்தான் போவார். வினையே அதுதான்.)

நேராகவே சொல்லிவிடுகிறேன். லிஃப்டின் மோட்டார் அறை மாடிக்கும் மேலே இருக்கும். இரும்பு ஏணியில் ஏறி, அறையின் தரையில் வெட்டிய சதுரத் திறப்பு வழியாக நுழைய வேண்டும். இவர் ஒருநாள் அதில் இடுப்போடு நின்றுவிட்டார். மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. மேலாளர் ஆறு மாதம் கெடு வைத்தார். அதற்குள் ஏறிக் காட்டாவிட்டால் ஆபீசில் போன் எடுக்கிற வேலை; லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களுக்கு ஆறுதல் சொல்வது.

"மாட்டிக்கிட்டவனையே ஆறுதல் சொல்லச் சொல்றாங்க," என்றார் இவர். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

2

(இந்தப் பகுதியை நீங்கள் நம்ப மாட்டீர்கள். நானாக இருந்தாலும் நம்ப மாட்டேன்.)

டாக்டரைப் பார்க்க மூன்று வாரம் கழித்துத்தான் தேதி கிடைத்தது. "இவ்வளவு பெரிய உடம்போட போய் நின்னா டாக்டர் என்ன நெனப்பாங்க?" என்றார் என் மாமியார். வேலைக்கு ஆள் வருவதற்கு முன்பே வீட்டைப் பெருக்கி வைக்கிற குடும்பம் எங்களுடையது. அதனால் மூன்று வாரமும் மகனுக்குக் கஞ்சித் தண்ணீர்தான். நானும் சும்மா இருந்தேனா? இல்லை, தண்ணீரைக் கூட்டினேன்.*

* அத்தைக்கு இந்தக் கதை பிடிக்காது. பரவாயில்லை, எனக்கும் அவர் கஞ்சி பிடிக்காது.

3

டாக்டரம்மா பொறுமைசாலி. வயிற்றில் ஆபரேஷன் நடந்திருக்கிறதா, புண் உண்டா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போடுகிறாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை. என் வீட்டுக்காரர் முகத்தில் முதல் ரேங்க் களை.

பிறகு எடை பார்த்தார். உயரத்தோடு சேர்த்துக் கணக்குப் போட்டார்.

"போன்ல நீங்க சொன்ன எடைக்கு, பலூன் வைக்கிற எல்லைக் கோட்டுக்குக் கொஞ்சம் மேல இருந்தீங்க. இப்போ கீழ வந்துட்டீங்க. உங்களுக்கு பலூன் வைக்க மாட்டோம்."

அத்தை விடுவாரா? "ஒரு மாசம் நல்லா ஆக்கிப் போட்டா மறுபடி மேல போயிடுவான். அப்ப வைப்பீங்கள்ல?"

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, பலூன் வயித்துல இடத்தை அடைக்கும், அவ்வளவுதான். ஆறு மாசத்துல எடுத்துருவோம். சாப்பாட்டுப் பழக்கத்தை மாத்திக்கிறவங்களுக்குத்தான் அது சரிப்படும். அந்தப் பழக்கத்தை பலூன் இல்லாமலே ஆரம்பிங்க. பட்டினி மட்டும் வேண்டவே வேண்டாம்."

வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் கேட்டார்: "ஏணிக்கும் லாயக்கில்ல, பலூனுக்கும் லாயக்கில்லயா நான்?"

அன்றைக்கு அதற்கு மேல் நான் குறிப்பெடுக்கவில்லை.

4

பிறகு அளந்து சாப்பிட்டார், படியேறினார். இளைத்திருக்கிறார். போதுமா, தெரியாது. திறப்பை யார் வீட்டுக்குக் கொண்டுவந்து அளக்க முடியும்? நாளையோடு கெடு முடிகிறது; காலையில் ஏறிக் காட்ட வேண்டும். இந்தக் கதைக்கு நான் முடிவுகள் எழுதினேன். அவர் தோளுக்கு மேலே எட்டிப் படித்தார்.

முடிவு அ: சரசரவென்று ஏறிவிடுகிறார். மேலாளர் கைதட்டுகிறார்.

("அந்த ஆள் கைதட்டுவாரா? யாரும் நம்ப மாட்டாங்க.")

முடிவு ஆ: மறுபடி மாட்டிக்கொள்கிறார். அத்தை கீழேயிருந்து...

("நான் தள்ளுனா போயிடுவான்," என்று அடுப்படியிலிருந்து அத்தை.)

முடிவு இ: போனுக்கு முன்னால் உட்கார்ந்து, மாட்டிக்கொண்ட யாரிடமோ சொல்கிறார்: "பயப்படாதீங்க, ஆள் வந்துக்கிட்டிருக்கு."

இதை மட்டும் இரண்டு தடவை படித்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கே. ஆனா அந்த வர்ற ஆள் நானா இருக்கணும்."

நான்காவது முடிவை எழுத உட்கார்ந்தேன். வரவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, அவ்வளவுதான். நீங்களே எழுதிவிடுங்கள். எழுதும்போது அந்தத் திறப்பை மட்டும் கொஞ்சம் பெரிதாக வெட்டிக்கொள்ளுங்கள். கதைதானே, யாரும் டேப் வைத்து அளக்க மாட்டார்கள்.