மாமனார் ஈயும் மாமியார் ஈயும்

நடன ஈ என்று ஒரு ஜாதி உண்டு. அடர்ந்த காட்டில், மரங்களுக்கு நடுவே வெயில் ஒழுகும் இடமாகப் பார்த்து, கூட்டம் கூட்டமாக மேலே எழும்பிக் கீழே இறங்கும். உருவத்தில் கொசுவுக்கு அண்ணன். உருண்டைத் தலை, கூன் முதுகு, கீழ்நோக்கித் தொங்கும் ஊசி மூக்கு. இந்த ஈயால் ஒரு குடும்பம் கிட்டத்தட்ட இரண்டாகப் போயிருக்கும். போகாமல் காப்பாற்றியதும் விஞ்ஞானம்தான். எப்படி என்றால், அது வாயை மூடிக்கொண்டதால்.

அந்த வீட்டுக்கு இரண்டு மாப்பிள்ளைகள். அக்காளைக் கட்டியவர் பெரிய மாப்பிள்ளை, தங்கையைக் கட்டியவர் சின்ன மாப்பிள்ளை. இருவருக்கும் ஒரே பூச்சி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை, அதுவும் ஒரே ஈப் பிரிவில். பெரியவருக்குத் துணையாக இருக்கட்டும் என்றுதான் மாமனார் அதே கட்டிடத்தில் இரண்டாவது மாப்பிள்ளையைத் தேடிப் பிடித்தார். சேர்ந்த புதிதில் சின்னவர் ஒருநாள் பெரியவருடைய மைக்ராஸ்கோப்பின் திருகைத் திருகியபடியே விட்டுவிட்டுப் போய்விட்டார். அன்றோடு சகலைகளுக்குள் பேச்சு முறிந்தது. நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கண்ணாடித் தகடு பறக்கும். ஆனாலும் ஒருவர் ஈப் பெட்டியை மற்றவர் திறந்து பார்த்ததில்லை.

பெரிய மாப்பிள்ளைக்குத் தொழில் சுத்தம். ஈயைப் பார்த்துப் பார்த்து, எதிரே வரும் மனிதர்களையும் முகத்தை விட்டுவிட்டு கால் ரோமத்தில்தான் அடையாளம் காண்பார். ஒருதரம் கல்யாண வீட்டில் சொந்த மனைவியைத் தாண்டிப் போய்விட்டார், அவள் புதுப் புடவை கணுக்காலை மறைத்துவிட்டதால். அப்பேர்ப்பட்டவருக்கு, வேலையில் சேர்ந்து தலை நரைத்த பிறகும், உலகத்துக்குப் புதிதாக ஒரு ஈ சிக்கவில்லை. பிறகு சிக்கியது. பெண் ஈ. பின்னங்கால்களில் சிறகு ஒட்டியதுபோல் தட்டையான செதில் வரிசை, வயிற்றின் இரு பக்கமும் மடிப்பு மடிப்பாகப் பை. அதற்கு மாமியார் பெயரை வைத்தார்.

அதே காட்டில் சின்னவருக்கும் ஒன்று சிக்கியது. ஆண் ஈ. கால்கள் வழவழ. நெற்றி என்பதே இல்லாமல் இரண்டு கண்ணும் முட்டிக்கொண்டு நிற்கும். வாலில் மேல்நோக்கி வளைந்த கொக்கிகள். அதற்கு அவர் மாமனார் பெயரை வைத்தார்.

இரண்டு கட்டுரையும் நிலையத்தின் ஒரே ஆண்டு மலரில், ஒரே நாளில் வந்தன. பெரியவர் கட்டுரையின் கடைசி வரி, ‘ஆண்: தெரியவில்லை.’ சின்னவர் கட்டுரையின் கடைசி வரி, ‘பெண்: தெரியவில்லை.’ இரண்டையும் படித்துச் சரிபார்த்த மேலதிகாரி, ஈரமான காகிதத்தில் அச்சு மங்கியிருப்பதாக மட்டும் குறை சொன்னார். மாமனார் வீட்டுக் கூடத்தில் இரண்டு ஈப் படங்களும் சட்டம் போட்டு எதிரெதிர்ச் சுவரில் ஏறின.

இப்படியே காலம் நன்றாகப் போயிருக்கும். ஓய்வுபெறும் வருஷத்தில் பெரியவருக்குத் தன் ஈக்கு ஓர் ஆண் துணை தேடவேண்டும் என்று தோன்றிவிட்டது. வலையோடு காட்டுக்குப் போய், ஒரு சாய்ந்த மரத்தில் உட்கார்ந்தார். தலைக்கு மேல் மாமியார் ஈக்கள் கால் செதில்களை விரித்து, வயிற்றுப் பைகளில் காற்றை இழுத்து உப்பிக்கொண்டு மிதந்தன. அப்போது கீழிருந்து ஓர் ஆண், பட்டு நூலில் நெய்த நுரைப் பொட்டலம் ஒன்றைச் சுமந்துகொண்டு வந்து, ஒருத்தியிடம் கொடுத்தது. அவள் வாங்கிக்கொண்டாள். அப்புறம் நடக்கவேண்டியது நடந்தது. பெரியவர் ஜோடியோடு வலையில் பிடித்தார்.

நிலையத்துக்கு வந்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார். வாலில் கொக்கி. முட்டிய கண். சாட்சாத் மாமனார் ஈ. கண்ணாடியைத் துடைத்தார், லென்ஸைத் துடைத்தார், கடைசியில் முகத்தைத் துடைத்தார். சிறகு நரம்பு பிரியும் இடம், மூக்கின் நீளம், முதுகில் ரோமங்களின் வரிசை எல்லாம் இரண்டுக்கும் ஒன்றே. இத்தனை காலம் ஒரே ஈயின் புருஷனுக்கு ஒரு பெயரும் பெண்டாட்டிக்கு ஒரு பெயருமாக இரண்டு இனம் நடத்தியிருக்கிறார்கள்.

வாழ்நாளில் பெயர் வைத்த ஒரே ஈ. அது சகலையின் ஈக்குள் கரைந்துபோகுமா? பெரியவர் பெயரிடும் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். அங்கே தெய்வமே எழுதிவைத்ததுபோல் ஒரு விதி இருந்தது. ஒரே இனத்துக்கு ஒரே நாளில் இரண்டு பெயர் அச்சாகியிருந்தால், இரண்டும் ஒன்றுதான் என்று முதலில் எழுதி அச்சேற்றுகிறவர் எதைத் தேர்ந்தெடுக்கிறாரோ அது நிற்கும். மற்றது செத்தது. மூன்றாவது பெயருக்கு இடமில்லை.

முந்துகிறவருக்கு ஈ. பெரியவர் ஒரே மூச்சில் கட்டுரை எழுதினார். மாமியார் பெயர் நிற்க, மாமனார் பெயர் சாக. உறையில் போட்டு ஒட்டிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். மறுநாள் தபால். அதற்குள் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு மாமனார் வீட்டுக்குப் போகவேண்டியிருந்தது. போன இடத்தில் நாக்கு அரித்தது.

மாமியார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. சாதம் போடும்போதும் வருகைப்பதிவு எடுப்பதுபோல் பார்ப்பார். மாமனார் மருந்துக்கடைக்காரர். எதிர்வரிசையில் சின்ன மாப்பிள்ளை சுவரைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“அத்தை, உங்க ஈயும் மாமா ஈயும் ஒண்ணுதான். கண்ணால பார்த்துட்டேன். இனிமே ஒரே பேர்தான், அது உங்க பேர்” என்றார் பெரியவர், பெரிய பரிசு கொடுப்பதுபோல்.

சின்னவர் அரைச் சாப்பாட்டில், கைகூடக் கழுவாமல் எழுந்தார். அவருக்கும் விதிப் புத்தகம் மனப்பாடம். மாமியார் பார்வையாலேயே அவரை உட்காரவைத்தார்.

“ஒண்ணுன்னா எப்படி ஒண்ணு? என்னோடதுக்குக் காலெல்லாம் சிறகு இருக்கே. வயிறு அவ்வளவு லட்சணமா இருக்கே.”

“அது வந்து அத்தை... பொம்பளை ஈக்குத் தனியா வேட்டையாடத் தெரியாது. ஆம்பளை கொண்டு வர்றதுதான் சாப்பாடு. வயித்துல நிறைய முட்டை இருக்கிறவளுக்குத்தான் அவன் குடுப்பான். அதனால...”

“அதனால?”

“காத்தை அடைச்சு உப்பிக்கும். காலையும் ஓரமா வெச்சுப் பெருசாக் காட்டும். உள்ள ஒண்ணும் இருக்காது.”

மாமனார் சிரித்துவிட்டார். கல்யாணமான நாள்முதல் அந்த வீட்டில் அவர் அப்படிச் சிரித்ததில்லை. புரையேறித் தண்ணீர் குடித்து, மறுபடி சிரித்தார்.

“சிரிக்கட்டும். அவரு ஈ என்ன கொண்டு வருது, அதைச் சொல்லுங்க மாப்ளே” என்றார் மாமியார்.

பெரியவர் சின்னவரைப் பார்த்தார். சின்னவர் தட்டைப் பார்த்தார்.

“பொட்டலம்.”

“பொட்டலத்துக்குள்ள?”

“பிரிச்சுப் பார்த்தேன் அத்தை. ஒண்ணுமில்லை. வெறும் பொட்டலம்.”

“எனக்கு அந்தப் பொட்டலத்தை நல்லாத் தெரியும்” என்றார் மாமியார். “வருஷக்கணக்கா வாங்கி வெச்சிருக்கேன்.”

மாமனாரின் சிரிப்பு நின்றது. பிறகு நடந்ததை விலாவாரியாகச் சொல்வது மரியாதையில்லை. காற்றடித்த வயிற்றுக்கு என் பெயர் ஒட்டக்கூடாது, அவர் பெயரே இருக்கட்டும் என்றார் அம்மாள். வெறும் பொட்டலத்துக்கு நான் ஆளில்லை, அவள் பெயரே இருக்கட்டும் என்றார் ஐயா. விட்டுக்கொடுப்பதில் இவ்வளவு சண்டை போட்ட தம்பதியை அந்தத் தெரு பார்த்ததில்லை. ஆணியிலிருந்து இரண்டு படமும் இறங்கின. என் பெயரை எழுதி அச்சேற்றுகிற மாப்பிள்ளைக்கு இந்த வீட்டு வாசல்படி இல்லை என்று இருவரும் தனித்தனியாகச் சொன்னார்கள். அன்றைக்கு இருவரும் ஒருமித்துச் சொன்னது அது ஒன்றுதான்.

வாசலில் செருப்பு மாட்டும்போது, சகலைகளுக்குள் வெகுகாலத்துக்குப் பிறகு பேச்சு பிறந்தது.

“நீங்கதான் மூத்தவர், சகலை. நீங்களே எழுதி அனுப்புங்க. நான் குறுக்க வரமாட்டேன்” என்றார் சின்னவர்.

“சேச்சே. மாமா ஈ உன்னோடது. உன் உரிமையை நான் பறிக்கலாமா? நீயே எழுது.”

“கண்ணால பார்த்தது நீங்கதானே.”

பெரியவர் சட்டைப் பையிலிருந்த உறையை எடுத்தார். பெருமூச்சு விட்டு, அதை நாலாகக் கிழித்தார். ஒரு நேர்மையான விஞ்ஞானியாக நிறைய யோசித்துப் பார்த்ததாகவும், காட்டில் வெளிச்சம் போதவில்லை என்றும் சொன்னார். வலையில் பிடிபடும் பதற்றத்தில் எந்த ஈயும் எந்த ஈயையும் பிடித்துக்கொள்ளும் என்று சின்னவர் ஒத்துப்பாடினார். ஜோடி ஈயைக் கெடாமல் போட்டுவைத்திருந்த சாராயக்குப்பியைப் பெரியவர் திங்கட்கிழமை காலையில் கை தவறிக் கீழே போட்டார். பெருக்கி அள்ளியது சின்னவர்.

அந்த வருஷமே நிலையம் காட்டு ஈக்களுக்கு ஓர் அடையாளக் கையேடு வெளியிட்டது. ஆசிரியர்கள் சகலைகள் இருவரும். பலகைத் தடுப்பை எடுத்துவிட்டு ஒரே மேஜையில் உட்கார்ந்து எழுதினார்கள். காலில் செதில் இருந்தால் இன்ன ஈ, இல்லையென்றால் இன்ன ஈ என்று இரண்டு இனத்தையும் தெளிவாகப் பிரித்துக் காட்டியிருந்தார்கள். அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது: ‘இவ்விரு இனங்களும் ஒரே காட்டில், ஒரே பருவத்தில், பெரும்பாலும் மிக நெருக்கமாகக் காணப்படும். குழப்பிக்கொள்ள வேண்டாம்.’