ஒரு ஆளுக்கு ஒரு ஆள்

இராமகிருஷ்ணன் அண்ணாச்சி பேரம் பேசாமல் பணம் கொடுத்ததைப் பாண்டிமுருகன் இந்தப் பதினாலு வருடத்தில் அன்றைக்குத்தான் பார்த்தான். அதுவும் எதற்கு? தண்ணீருக்கடியில் இருபது நிமிடம் மூச்சு விடுவதற்கு.

அண்ணாச்சிக்கு அச்சங்குளத்தில் பட்டாசுக் கம்பெனி, சிவகாசியில் அச்சாபீஸ். பாண்டிமுருகன் கம்பெனியில் போர்மேன். டிரைவர் லீவு போட்டதால் தூத்துக்குடிக்குக் கார் ஓட்டும் வேலை அவன் தலையில் விழுந்தது. அவனும் மறுக்கவில்லை, அவனுக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது. அவன் மனைவி வீரலட்சுமி பட்டாசுக்குள் வெடிமருந்து செலுத்தும் ஏழாம் நம்பர் ரூமில் நாலு பேர்தான் உட்காரலாம் என்று சுவரிலேயே எழுதியிருக்கிறது. சீசன் வந்ததும் அங்கே ஒன்பது பேர். ஒரு பொறி விழுந்தால் ஒன்பது பேரும் எப்படி வெளியே ஓடுவது? ஆளைக் குறைக்கச் சொல்லி அண்ணாச்சியிடம் கேளுங்கள் என்று இரண்டு மாதமாக அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். போகும்போதே கேட்டுவிடுவதென்று கிளம்பியவன், எட்டயபுரம் தாண்டியும் வாயைத் திறக்கவில்லை.

சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலுக்குள் முழுகும் ஸ்கூபா ஆசை அண்ணாச்சியின் மகள் பிரீத்திகாவுக்கு. காலேஜில் படிக்கிற பிள்ளை, விவரமாகத்தான் தேடியிருந்தாள். ஒரு இடத்தில் ஆயிரத்து இருநூறு ரூபாய், ஒரு கேள்வியும் கிடையாது, போனவுடன் இறங்க வேண்டியதுதான். இன்னொரு இடத்தில் மூவாயிரத்து ஐநூறு. அங்கே முதலில் உடம்பைப் பற்றிக் கேட்பார்கள், இடுப்பளவுத் தண்ணீரில் பழக்குவார்கள், அப்புறம்தான் கடல். டீக்கடையிலேயே பேரம் பேசுகிற மனுஷன், மலிவான இடத்துக்குத்தான் போவார் என்று பாண்டிமுருகன் நினைத்தான். அவர் நேராக இரண்டாவது இடத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னார்.

அங்கே அவர் போட்ட கேள்விகள் கொஞ்சமா நஞ்சமா! சிலிண்டரை எப்போது சோதித்தீர்கள், காற்று எவ்வளவு இருக்கிறதென்று காட்டும் முள் வேலை செய்கிறதா, படகில் ஆக்சிஜன் உண்டா, ஆஸ்பத்திரி எத்தனை நிமிடம். கடலுக்குள் கூட்டிப்போகும் மாஸ்டர் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். இன்னொரு பெண்ணும் வந்திருக்கிறாள், இரண்டு பேரையும் சேர்த்து அழைத்துப்போனால் ஆயிரம் ரூபாய் குறையும் என்றார். அண்ணாச்சிக்கு வந்ததே கோபம்.

"எம் பிள்ளைக்கு ஒத்த ஆளு கூடவே இருக்கணும். ரெண்டு பேரும் தவிச்சா நீ யாரப் பிடிப்ப? உசுரு விசயத்துல என்னய்யா சிக்கனம்?"

வாசலில் நின்ற பாண்டிமுருகனுக்குச் சுருக்கென்றது.

மாஸ்டர் பிரீத்திகாவுக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். கடலுக்குள் அதற்கு 'மேலே போகணும்' என்று அர்த்தமாம். "இதக் காட்டுனா ஏன்னு கேக்க மாட்டேன்மா. கூட்டிட்டு மேல வந்துருவேன்" என்றார்.

பாண்டிமுருகன் ஏன் என்று கேட்டிருக்கிறான். போன வாரம் வெக்கை தாங்காமல் ரூமை விட்டு வெளியே வந்த வீரலட்சுமியை, எல்லார் முன்னாலும், ஏன் என்று கேட்டவன் அவன்தான். அரை நாள் சம்பளத்தையும் பிடித்தான். பெண்டாட்டிக்குச் சலுகை காட்டுகிறான் என்று பேர் வந்துவிடக் கூடாதாம், வெட்கங்கெட்டவன்.

கடைசியில் ஒரு ஃபாரம் வந்தது. ஆபத்து தெரிந்தே இறங்குகிறேன், எது நேர்ந்தாலும் இவர்கள் பொறுப்பல்ல என்று பிரீத்திகா எழுதிக் கொடுக்க வேண்டும். அண்ணாச்சி குதி குதியென்று குதித்தார். சாட்சிக் கையெழுத்தைத் தகப்பன் போட வேண்டும் என்றதும் அவர் கை நடுங்கியது. போட்ட பிறகு அதை இன்னொரு முறை நிதானமாகப் படித்தார். பிறகு எழுதாத ஃபாரம் ஒன்றைக் கேட்டு வாங்கி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பிரீத்திகா நல்லபடியாகப் போய்விட்டு வந்து, மீன் பார்த்த கதையைக் கோவில்பட்டி வரை சொல்லிவிட்டுத் தூங்கிப்போனாள். அண்ணாச்சி முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. இதை விட்டால் வேறு நேரம் வாய்க்காது என்று பாண்டிமுருகன் தொண்டையைச் செருமினான்.

"மொதலாளி, ஏழாம் நம்பர் ரூம்ல ஒம்பது பேரு இருக்காக. நாலு பேராக் கொறச்சா நல்லது."

அண்ணாச்சி கோபப்படவில்லை. அதுதான் கொடுமை.

"எனக்கும் அந்த நெனப்புத்தாம்லே" என்று சட்டைப் பையைத் தட்டினார். "அதுக்குத்தான் இத வாங்கியாந்தேன். நாளைக்கே நம்ம ஆபீஸ்ல தமிழ்ல அடிச்சிருவோம். ஒம்பது பேருகிட்டயும் கையெழுத்து வாங்கிரு."

அடித்தார்கள். மூச்சுத் திணறல் உண்டா, நெஞ்சு வலி உண்டா என்ற கேள்விகளையெல்லாம் எடுத்துவிட்டார்கள். ஒரு ஆளுக்கு ஒரு ஆள் என்பதும் இல்லை, கட்டைவிரலும் இல்லை. எது நேர்ந்தாலும் பொறுப்பல்ல என்கிற கடைசி நாலு வரி மட்டும் அப்படியே இருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் பாண்டிமுருகன் ஃபாரங்களை நீட்டினான். எட்டுப் பேர் படிக்காமலே போட்டார்கள். வீரலட்சுமி மட்டும் எழுத்து விடாமல் படித்தாள்.

"மொதலாளிகிட்ட கேட்டீகளா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னாக?"

அவன் அவள் கையிலிருந்த தாளைக் காட்டினான். அவள் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். திருப்பிக் கொடுக்கும்போது தாளின் அடியில் விரலை வைத்தாள்.

"சாட்சின்னு ஒரு கோடு இருக்கே, இதுல யாரு போடணும்?"

"நாந்தான்."

"போடுங்க. நான் பாக்கணும்."

அதற்கு முன் எட்டுத் தாளில் போட்டிருந்தான், கை பழகியிருந்தது. நடுங்காமல் போட்டான். அவள் பார்த்துவிட்டு எழுந்து, ஏழாம் நம்பர் ரூமுக்குள் ஒன்பதாவது ஆளாகப் போய் உட்கார்ந்தாள்.